லிஃப்ட் கிட் 65,000 ரூபாய்... முழு பில் 1,46,000 ரூபாய்! ஃபோர் பை ஃபோர் வண்டியை உயர்த்தும் முன் ஸ்டியரிங் கணக்கைப் பாருங்க



கார் லோன் பத்தி நாம போட்ட வீடியோவுக்குப் பிறகு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. "வண்டி வாங்கியாச்சு. இந்த வருஷம் போனஸ்ல லிஃப்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஒரு 65,000, 70,000 ரூபாய் எடுத்து வச்சா போதுமா?"

நேரடியா சொல்லிடறேன். போதாது. லிஃப்ட் கிட்டுக்கு நீங்க கொடுக்கிறது முதல் தவணை மாதிரி. மீதி பில் ஸ்டியரிங் பக்கத்துல இருந்து வரும். அதுல எது அவசியம், எது கடைக்காரர் நம்ம தலையில கட்டுறதுன்னு தெரியலைன்னா பணமும் போகும், ரோட்டுல உயிருக்கும் ஆபத்து. என் நண்பர் ஒருத்தர் இந்த ரெண்டையும் கிட்டத்தட்ட பார்த்துட்டு வந்தவர். அவர் பில்லை வச்சே இன்னைக்குப் பேசுவோம்.

பாலத்து மேல பத்து செகண்ட்

நண்பர் சென்னையில ஐ.டி. வேலை. மாசம் 70,000 ரூபாய் கையில வரும். மாருதி ஜிம்னி வச்சிருக்கார். போன வருஷ போனஸ் வந்ததும் 65,000 ரூபாய்க்கு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மாத்தி 50 மி.மீ. லிஃப்ட் பண்ணினார். கம்பெனியில இருந்து வந்தப்போ வண்டியில எந்தக் குறையும் இல்லை. லிஃப்ட் பண்ணின அடுத்த நாளே ஸ்டியரிங் வீல் கொஞ்சம் கோணலா நின்னுது. "ஓட ஓட செட் ஆயிடும் சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு குடும்பத்தோட பெங்களூரு போறார். வேலூர் தாண்டி ஒரு பாலம். 80 கி.மீ. வேகம். பாலத்துல இணைப்பு வர்ற இடத்துல முன் சக்கரம் ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. கையில பிடிக்க முடியலை. டேஷ்போர்டே ஆடுது. பின் சீட்டுல நாலு வயசுப் பொண்ணு. பிரேக்கை மெதுவா அழுத்தி, வேகம் 40-க்குக் கீழ வந்த பிறகுதான் ஆட்டம் நின்னுது. பின்னாடி வந்த லாரி சுதாரிச்சு ஒதுங்கிப் போனதால யாருக்கும் எதுவும் ஆகலை.

மெக்கானிக்குங்க இதை 'வாப்ளிங்'னு சொல்லுவாங்க. முன்னாடி ஒரே துண்டா ரிஜிட் ஆக்சில் உள்ள வண்டிகள்லதான் இந்த அளவுக்கு வரும். ஜிம்னி, பழைய ஜிப்ஸி, பழைய ஜீப் எல்லாம் இந்த வகை.

லிஃப்ட் பண்ணா ஸ்டியரிங்குக்கு என்ன ஆகுது?

இதைப் புரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் கொட்டேஷனை நீங்களே படிக்கலாம். நாலு விஷயம் தெரிஞ்சா போதும்.

1. டிராக் லிங்க்: ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு நம்ம கையோட அசைவைக் கொண்டு போற நீளமான ராட். பாக்ஸ் சேஸிஸ்ல இருக்கு, சக்கரம் ஆக்சில்ல இருக்கு. சேஸிஸ் மேல போனா இந்த ராட் இன்னும் சாய்வா நிக்கும். சாய்ஞ்சா அதோட கிடைமட்ட நீளம் குறையும், சக்கரத்தை ஒரு பக்கம் இழுக்கும். வீல் கோணலா நின்னதுக்கு இதுதான் காரணம். ஓட ஓட செட் ஆகாது. ராட் நீளத்தை அட்ஜஸ்ட் பண்ணித்தான் சரி பண்ணணும்.

இ.எஸ்.பி. உள்ள வண்டியில இதை விட்டுவைக்கவே கூடாது. ஸ்டியரிங் எந்தக் கோணத்துல இருக்குன்னு ஒரு சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கும். நேரா போகும்போதே வீல் கோணலா இருந்தா, வண்டி திரும்புதுன்னு அது தப்பா நினைச்சு, தேவையில்லாத நேரத்துல பிரேக்ல கை வைக்கலாம்.

2. டை ராட்: ரெண்டு முன் சக்கரத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற ராட். சக்கரம் உள்பக்கமா வெளிப்பக்கமா பார்க்குதுங்கிற 'டோ' அளவு இதுலதான் செட் ஆகும். டோ தப்பா இருந்தா டயர் ஓரம் சீவின மாதிரி தேயும். நாலு, அஞ்சு வருஷம் வர வேண்டிய டயர் ஒரே வருஷத்துல போயிடலாம்.

3. பேன்ஹார்ட் ராட்: ஆக்சில் இடது வலதா நகராம பிடிச்சு வைக்கிறது. ஒரு முனை சேஸிஸ்ல, இன்னொரு முனை ஆக்சில்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ராட் நீளம் 900 மி.மீ., ரெண்டு முனைக்கும் உயர வித்தியாசம் 100 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. 50 மி.மீ. லிஃப்ட் பண்ணா வித்தியாசம் 150 ஆகும். ஆக்சில் சுமார் 7 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்துடும். கண்ணுக்குப் பெருசா தெரியாது. ஆனா இந்த ராட்டும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வுல, கிட்டத்தட்ட ஒரே நீளத்துல இருக்கணும். ஒண்ணை மட்டும் மாத்தினா, பள்ளத்துல இறங்கும்போது நீங்க திருப்பாமலே ஸ்டியரிங் தானா திரும்பும். இதுக்குப் பேரு 'பம்ப் ஸ்டியர்'.

4. கேஸ்டர்: சைக்கிள்ல முன் ஃபோர்க் சாய்ஞ்சு இருக்கறதாலதானே கையை விட்டாலும் கொஞ்ச தூரம் நேரா போகுது? அதே மாதிரி சாய்வு கார் சக்கரத்துக்கும் உண்டு. லிஃப்ட் பண்ணும்போது ஆக்சில் லேசா உருண்டு அந்தச் சாய்வு குறையும். அப்புறம் திருப்பின ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, ஹைவேயில வண்டி அலைபாயும், வாப்ளிங் சுலபமா ஆரம்பிக்கும்.

பில் எப்படி வளர்ந்தது?

வாப்ளிங் வந்த பிறகு நண்பர் அதே கராஜுக்குத்தான் போனார். "ஒரு ஸ்டியரிங் டேம்பர் போட்டா சரியாயிடும் சார்"னாங்க. 9,000 ரூபாய். ரெண்டு மாசம் சரியாத்தான் இருந்துது. அப்புறம் அதே ஆட்டம், அதே வேகத்துல.

டேம்பர்ங்கிறது ஸ்டியரிங்குக்குப் போடுற ஷாக் அப்சார்பர். எங்கேயோ ஒரு புஷ் போயிருக்கு, ஒரு போல்ட் லூஸா இருக்குன்னா, அந்த ஆட்டத்தை இது கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரிதான். பேங்க்ல இருந்து போன் வராது, ஆனா கடன் அப்படியே இருக்கும்.

அப்புறம் வேற ஒரு கராஜ். அங்க "முழு ஸ்டியரிங் அப்கிரேட்"னு ஒரு பேக்கேஜ். பயத்துல இருந்த மனுஷன் எதையும் கேட்காம சரின்னுட்டார். கிட்டுக்குப் பிறகு ஆன மொத்தச் செலவு இது:

- ஸ்டியரிங் டேம்பர்: 9,000
- தடிமனான டிராக் லிங்க், டை ராட் செட்: 30,000
- அட்ஜஸ்ட் பண்ணக்கூடிய பேன்ஹார்ட் ராட், முன்னும் பின்னும்: 24,000
- கேஸ்டர் புஷ், பொருத்துற கூலியோட: 8,000
- நீளமான பிரேக் ஹோஸ்: 6,000
- அலைன்மென்ட், பேலன்சிங்: 4,000

கூட்டிப் பாருங்க, 81,000 ரூபாய். கிட்டோட சேர்த்தா 1,46,000.

போனஸ் ஏற்கெனவே கிட்டுக்குப் போயிடுச்சு. அதனால இந்த 81,000-க்கு பெர்சனல் லோன். 14 சதவீத வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ. சுமார் 3,890 ரூபாய், வட்டி மட்டும் சுமார் 12,300 ரூபாய். அதைக் கட்டறதுக்காக பொண்ணு படிப்புக்குப் போட்டுக்கிட்டிருந்த 4,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்திட்டார். ரெண்டு வருஷத்துல 96,000 ரூபாய் முதலீடு நடக்காம போகுது. என்கிட்ட இதைச் சொல்லும்போது வாப்ளிங்கை விட இதைத்தான் அதிகமா வருத்தப்பட்டுச் சொன்னார்.

அந்த 81,000-ல எது உண்மையில வேலை செஞ்சுது?

ரெண்டாவது கராஜ்ல வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தப்போ கண்டுபிடிச்சது மூணு விஷயம்.

முன் பேன்ஹார்ட் ராட் புஷ் கிழிஞ்சிருந்தது. காரணம் என்ன தெரியுமா? லிஃப்ட் பண்ணும்போது ஆக்சில் தொங்கிட்டு இருக்கும்போதே போல்ட்டை முழுசா டைட் பண்ணிட்டாங்க. ரப்பர் புஷ்ஷை எப்பவும் வண்டி தரையில தன் எடையில நிக்கும்போதுதான் கடைசியா டைட் பண்ணணும். இல்லைன்னா புஷ் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சுடும். ரெண்டாவது, கேஸ்டர் குறைஞ்சிருந்தது. மூணாவது, ஒரு முன் டயர் பேலன்ஸ் இல்லை.

அப்போ அவசியமான செலவு எது? முன் பேன்ஹார்ட் ராட் 12,000. கேஸ்டர் புஷ் 8,000. அலைன்மென்ட், பேலன்சிங் 4,000. பிரேக் ஹோஸ் 6,000. இந்த ஹோஸ் வாப்ளிங்குக்குச் சம்பந்தம் இல்லை, ஆனா ஆக்சில் கீழ தொங்கும்போது பழைய ஹோஸ் இழுபடக் கூடாதே, அதனால அது பாதுகாப்புச் செலவு. மொத்தம் 30,000.

மீதி 51,000? டேம்பர் நோயை மறைச்சுது. பின் பேன்ஹார்ட் ராட் பிறகு பார்த்துக்கலாம்னு விடக்கூடியது. 30,000 ரூபாய் தடிமன் ராட் செட்டுக்கு அன்னைக்குத் தேவையே இல்லை. ஒரிஜினல் டை ராட் வளையலை, பால் ஜாயின்ட்ல ப்ளே இல்லை. டிராக் லிங்க்கை அட்ஜஸ்ட் பண்ணியிருந்தாலே வீல் நேரா வந்திருக்கும்.

அப்போ தடிமனான ராட் எப்போ வாங்கலாம்?

அது வீண் செலவுன்னு நான் சொல்ல வரலை. கம்பெனி டயரை விடப் பெரிய, கனமான டயர் போட்டா ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சுமை கூடும். பாறை, ஆத்துப் படுகைன்னு அடிக்கடி போறவங்களுக்கு டை ராட் கல்லுல மாட்டி வளையறது நடக்கக்கூடியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை வளைஞ்சிருந்தா யோசிக்காம மாத்துங்க. ஞாயித்துக்கிழமை ஈ.சி.ஆர்., வருஷத்துக்கு ரெண்டு தடவை மலைன்னு ஓட்டுறவங்களுக்கு அந்த 30,000 ரூபாய் பேங்க்லயே இருக்கலாம்.

ரெண்டு எச்சரிக்கை:

- காசு மிச்சம் பண்றதுக்காக லேத் பட்டறையில டிராக் லிங்க்கை வெட்டி, துண்டு வச்சு வெல்டிங் பண்ற வேலை வேண்டவே வேண்டாம். வளைஞ்ச டை ராட்டைச் சூடு காட்டி நிமிர்த்தறதும் வேண்டாம். அந்த ராட் உடைஞ்சா ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், சக்கரம் அது இஷ்டத்துக்குப் போகும்.
- பிட்மேன் ஆர்மை மட்டும் கீழ இறக்கி, பேன்ஹார்ட் ராட்டை அப்படியே விடற கொட்டேஷன் வந்தா ஏன்னு கேளுங்க. ரெண்டு சாய்வும் சேரலைன்னா பம்ப் ஸ்டியர் கூடத்தான் செய்யும்.

பணத்தை எந்த வரிசையில செலவு பண்ணணும்?

முதல்ல சட்டம். நிறைய பேர் இதைக் கடைசியாத்தான் யோசிக்கிறாங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, கம்பெனி முதல்ல குறிப்பிட்டதுக்கும் ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கும் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, 2019-ல கொண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும் சேர்த்தே கிடைக்கலாம். "எல்லாரும் பண்றாங்க சார்"ங்கிறது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல செல்லாது. உங்க வண்டிக்கு எது அனுமதின்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே அங்க கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

ரெண்டாவது இன்சூரன்ஸ். செய்யப்போற மாற்றத்தை முன்னாடியே கம்பெனிக்கு மெயில்ல எழுதி, பதிலை வாங்கி வைங்க. விபத்து நடந்தா சர்வேயர் வண்டிக்கு அடியிலயும் பார்ப்பார். சொல்லாம செஞ்ச மாற்றம் கிளெய்ம் மறுக்கக் காரணம் ஆகலாம். 12 லட்ச ரூபாய் வண்டிக்கு கிளெய்ம் போச்சுன்னா, இந்த 1,46,000 எல்லாம் சின்னப் பணம். வாரண்டி, கார் லோன் ஒப்பந்தம் ரெண்டுலயும் மாற்றங்கள் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் படிங்க.

மூணாவது பரிசோதனை. கிட்டைத் தொடறதுக்கு முன்னாடி இருக்கிற புஷ், பால் ஜாயின்ட், டயர் எல்லாம் எப்படி இருக்குன்னு பாருங்க. இதை வீட்டு வாசல்லயே செய்யலாம். கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் பிடிங்க. சக்கரத்துக்குக் கல் வைங்க. வண்டி தரையிலயே நிக்கட்டும், ஜாக் வேண்டாம். எஞ்சினை ஆன் பண்ணி ஒருத்தர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமா ஆட்டட்டும். இன்னொருத்தர் பக்கவாட்டுல குனிஞ்சு டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்டா பார்க்கட்டும். ராட் நகர்றதுக்கு முன்னாடி ஏதாவது ஜாயின்ட் 'டக்'குனு ஆடினா அங்க ப்ளே இருக்கு. போல்ட் ஓட்டை நீள்வட்டமா தேய்ஞ்சிருக்கா, கோட்டர் பின் இருக்கான்னும் பாருங்க.

நாலாவது கோணம். லிஃப்ட் பண்ற அன்னைக்கே கேஸ்டர், முன் பேன்ஹார்ட், டிராக் லிங்க் அட்ஜஸ்ட்மென்ட், பிரேக் ஹோஸ், அலைன்மென்ட் எல்லாம் முடியணும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' லிஸ்ட்ல இதுல எதுவும் போகக் கூடாது.

அஞ்சாவது பலம். தடிமன் ராட், பெரிய டயர் எல்லாம் இதுக்குப் பிறகு, உங்க ஓட்டுமுறைக்குத் தேவைப்பட்டா மட்டும்.

கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டிய 5 கேள்வி

1. லிஃப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் அலைன்மென்ட் ரிப்போர்ட் பிரிண்ட் தருவீங்களா? அதுல கேஸ்டர் அளவு இருக்குமா?
2. புஷ் போல்ட் எல்லாம் வண்டி தரையில நிக்கும்போது டார்க் ரென்ச் வச்சு டைட் பண்ணுவீங்களா?
3. 500 கி.மீ. ஓடின பிறகு ரீ-டைட் இலவசமா?
4. ஒரிஜினல் பார்ட்ஸைத் திருப்பித் தருவீங்களா? (கண்டிப்பா வாங்கி வைங்க. வண்டியை விக்கும்போது பழையபடி மாத்தத் தேவைப்படும்.)
5. ஜி.எஸ்.டி. பில் உண்டா?

இதுக்கு முகம் சுளிக்கிற கடையில வண்டியை விடாதீங்க.

பட்ஜெட் எப்படிப் போடணும்?

ஒரு பேப்பர்ல மூணு கட்டம் போடுங்க. முதல்ல கிட். ரெண்டாவது கோணத்தைச் சரி பண்ற வேலைகள். மூணாவது பலத்துக்கும் அழகுக்கும். உங்க ஊர்ல வாங்கின கொட்டேஷனை அதுல எழுதுங்க. முதல் ரெண்டு கட்டத்துக்கும் சேர்த்துப் பணம் கையில இல்லாம முதல் கட்டத்தை ஆரம்பிக்கவே கூடாது.

நண்பர் கணக்குலயே பார்த்தா, 65,000-மும் 30,000-மும் சேர்ந்து 95,000. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தா 1,04,500. போனஸ் 65,000 போக மீதி 39,500. மாசம் 4,000 ரூபாய் ஆர்.டி. போட்டா 10 மாசத்துல ரெடி. லோன் இல்லை, வட்டி இல்லை, எஸ்.ஐ.பி.யும் நிக்காது. அவர் செஞ்சிருக்க வேண்டியது 10 மாசம் காத்திருக்கறது, அவ்வளவுதான்.

எமர்ஜென்சி ஃபண்ட்ல 6 மாசச் செலவுக்குப் பணம் இல்லைன்னா இந்தப் பேப்பரையே மடிச்சு வச்சுடுங்க.

லிஃப்ட் பண்ணாம இருந்தா?

இதையும் ஒரு ஆப்ஷனா எழுதிப் பாருங்க. ஜிம்னியோட கிரவுண்ட் கிளியரன்ஸ் கம்பெனியிலயே 210 மி.மீ. முன்பக்கம் ஏற்றத்துல ஏறுற கோணம் 36 டிகிரி. ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை ரோட்டுக்கு இதுவே தாராளம். கம்பெனி அளவுலயே நல்ல ஆல் டெரெய்ன் டயர், கயிறு, டயருக்குக் காத்தடிக்கிற சின்ன கம்ப்ரெசர், ஒரு நாள் ஆஃப்ரோடு டிரைவிங் பயிற்சி. இதுக்கு ஆகுற பணத்துல உங்க வண்டி போற இடம் கூடும், ஸ்டியரிங் ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது.

போன வாரம் நண்பர்கிட்ட கேட்டேன். "மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க?" கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "டயர் மட்டும் மாத்தியிருப்பேன் ப்ரோ. எஸ்.ஐ.பி.யை நிறுத்தியிருக்க மாட்டேன்"னார். லோன்ல இன்னும் 15 இ.எம்.ஐ. பாக்கி இருக்கு. அடுத்த இன்க்ரிமென்ட் வந்ததும் எஸ்.ஐ.பி.யை 2,000 ரூபாய்லயாவது திரும்ப ஆரம்பிக்கறேன்னு சொல்லியிருக்கார்.

உங்க கையிலயும் ஒரு கொட்டேஷன் இருந்தா, இன்னைக்கு ராத்திரியே அந்த மூணு கட்டத்தைப் போட்டுப் பாருங்க. ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா, அந்தக் கடைக்குத் திரும்ப ஒரு போன் பண்ணிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. அடுத்த வீடியோவில சந்திப்போம்.